ஒரே கட்சி ஆளுற நாட்டுல எலெக்ஷன் நடந்தா அந்த ரிசல்ட்ட எப்படி படிக்கிறது

"99.6 சதவீதம் பேர் ஓட்டு போட்டாங்க"ன்னு ஒரு நியூஸ் வருதுன்னு வைங்க, நம்மள்ல பாதி பேர் எல்லாம் நாடகம்னு தள்ளிட்டு போயிடுவோம், மீதி பேர் பாத்தியா அங்க மக்கள் எவ்ளோ ஒத்துமைன்னு ஷேர் பண்ணிடுவோம். நானும் ரொம்ப நாள் முதல் கோஷ்டிலதான் இருந்தேன். அப்புறம் வியட்நாம், சோவியத், கிழக்கு ஜெர்மனி, கியூபான்னு ஒவ்வொண்ணா எடுத்து, ஓட்டுச்சீட்டு எப்படி இருந்துச்சு, யாரு நாமினேஷன் போட்டா, யாரு தோத்தான்னு படிக்க ஆரம்பிச்சப்போதான் புரிஞ்சுது, அந்த எலெக்ஷன்ல நிறைய விஷயம் இருக்கு, நம்ம பாக்குற இடத்துலதான் ஒண்ணும் இல்ல.

அதனால இந்த மாதிரி எலெக்ஷன் நியூஸ் வந்தா எங்க பாக்கணும், எந்த வரிசைல பாக்கணும்னு எனக்கு தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன். யாரு ஜெயிச்சான்னு தேடாதீங்க, அது முன்னாடியே தெரியும். "வேணாம்"னு சொல்றதுக்கு எந்தெந்த இடத்துல கதவு விட்டு வச்சிருக்காங்க, அந்தக் கதவு வழியா ஒருத்தர் போனா அவருக்கு என்ன ஆகுது, இத மட்டும் தேடுங்க. மொத்தமும் அதுல வந்துடும்.

மொதல்ல: மக்கள் நேரடியா ஓட்டு போடுறாங்களா?

இத செக் பண்ணாமலே பல பேர் பேசிட்டு இருக்காங்க. சீனாவுல அவங்க பாராளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸுக்கு மக்கள் நேரா ஓட்டு போடுறதே கிடையாது. 3,000-க்கு மிகாம இருக்கணும்னு சட்டம் சொல்ற அந்த சபையோட உறுப்பினர்கள மாகாண சபைகளும் ராணுவமும் தேர்ந்தெடுத்து அனுப்புது, சாதாரண ஆள் நேரா ஓட்டு போடுறது கவுன்டி, டவுன்ஷிப் லெவலோட முடிஞ்சிடும். வியட்நாம், லாவோஸ், கியூபா, வட கொரியா எல்லாம் அப்படி இல்ல, அங்க பாராளுமன்றத்துக்கே நேரடி ஓட்டு.

அடுத்தது, எத்தன சீட்டு எத்தன பேர்னு பாருங்க. கியூபாவுல 2023 மார்ச் 26 அன்னைக்கு 470 சீட்டுக்கு 470 கேண்டிடேட். வட கொரியாவுல ஒரு தொகுதிக்கு ஒரே பேர், சோவியத்லயும் அப்படித்தான் இருந்துச்சு. கிழக்கு ஜெர்மனில தேசிய முன்னணின்னு ஒரே லிஸ்ட், அதுக்குள்ள பேருக்கு பல கட்சி இருக்கும், ஆனா 500 சீட்ல ஆளும் எஸ்.இ.டி கட்சிக்கு 127, மத்தவங்களுக்கு இவ்ளோன்னு ஓட்டுப்பதிவுக்கு முன்னாடியே பிரிச்சு வச்சிருப்பாங்க. 127ன்னா மெஜாரிட்டி இல்லையேன்னு தோணும், தொழிற்சங்கம், இளைஞர் அமைப்பு, பெண்கள் அமைப்புன்னு மத்த லிஸ்ட்ல வர்றவங்கள்லயும் நிறைய பேர் அதே கட்சி மெம்பர்தான். அதனால "அங்க அஞ்சு கட்சி இருந்துச்சே"ன்னு யாராவது சொன்னா சீட்டு எண்ணிக்கை எப்ப முடிவாச்சுன்னு மட்டும் கேளுங்க, போதும்.

வியட்நாம் வேற மாதிரி. அங்க சீட்ட விட பேர் ஜாஸ்தி. 2021 மே 23 எலெக்ஷன்ல 500 சீட்டுக்கு 860-க்கு மேல கேண்டிடேட் நின்னாங்க, 499 பேர் ஜெயிச்சதா அறிவிச்சாங்க, அதுல 485 பேர் கட்சி மெம்பர், 14 பேர் கட்சிக்கு வெளில. சட்டப்படி ஒரு தொகுதிக்கு அதிகபட்சம் 3 சீட்டு, சீட்டு எண்ணிக்கைய விட குறைஞ்சது 2 பேர் கூடுதலா நிக்கணும், அதாவது 3 சீட்டுன்னா 5 பேராவது இருக்கணும். இத கேட்டா போட்டி மாதிரிதான் இருக்கும், போட்டியும் கொஞ்சம் இருக்கு, ஆனா அந்த 5 பேர் எப்படி அந்த ஓட்டுச்சீட்டுல வந்தாங்கங்கிறதுலதான் விஷயமே.

ஓட்டுப்பதிவு நாள விட்டுட்டு பின்னாடி போங்க

இந்த மாதிரி நாட்டுல எலெக்ஷன் நடக்குறது அந்த ஞாயித்துக்கிழமை இல்ல. அதுக்கு மூணு நாலு மாசம் முன்னாடியே நடந்து முடிஞ்சிடும். அதனால காலண்டர பின்னாடி திருப்புங்க.

வியட்நாம்ல தாய்நாட்டு முன்னணின்னு ஒரு அமைப்பு இருக்கு, கட்சியோட குடைக்குள்ள இருக்குற எல்லா சங்கங்களும் அதுல வரும். அவங்க மூணு ரவுண்டு "கலந்தாலோசனை" நடத்துவாங்க. முதல் ரவுண்ட்ல பேரே வராது, கணக்கு மட்டும் வரும், இந்த மாகாணத்துல இருந்து இத்தன பேர், அதுல பெண்கள் இத்தன, சிறுபான்மை இனத்தவர் இத்தன, 40 வயசுக்கு கீழ இத்தன, கட்சிக்கு வெளில இருக்குறவங்க இத்தன அப்படின்னு. (கேண்டிடேட்ல குறைஞ்சது 35 சதவீதம் பெண்கள், 18 சதவீதம் சிறுபான்மை இனத்தவர் இருக்கணும்னு 2015 சட்டத்துல இருக்கு. 2021ல 151 பெண்கள் உள்ள போனாங்க, அதாவது 30 சதவீதத்துக்கு மேல. இது நெஜமாவே நல்ல எண்ணிக்கை, அத இல்லன்னு சொல்லக்கூடாது, பல நாட்டு பாராளுமன்றத்துல இவ்ளோ பெண்கள் கிடையாது.) ரெண்டாவது ரவுண்ட்ல அந்தக் கணக்குக்கு ஏத்த மாதிரி பேர் வரும். மூணாவது ரவுண்ட்ல கடைசி லிஸ்ட்.

ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல ஒண்ணு நடக்கும், அதத்தான் நீங்க விடாம படிக்கணும். கேண்டிடேட் வேலை பாக்குற இடத்துலயும் குடியிருக்குற ஏரியாவுலயும் வாக்காளர் கூட்டம் போடுவாங்க. அங்க அந்த ஆளப் பத்தி அக்கம்பக்கத்துக்காரங்க பேசி, கையத் தூக்கியோ ரகசியமாவோ ஓட்டு போட்டு "இவர நம்பலாம்"னு சொல்லணும், பாதிக்கு மேல கிடைக்கலன்னா லிஸ்ட்ல நிக்கிறது ரொம்ப கஷ்டம். கேக்க நல்லா இருக்கு இல்ல, ஏரியா ஜனங்களே நல்லவரா கெட்டவரான்னு சொல்றது? ஆனா அந்தக் கூட்டத்துக்கு யார கூப்பிடுறதுன்னு முடிவு பண்றது வார்டு அதிகாரிங்க. அங்கதான் வடிகட்டுறாங்க.

1992-ல இருந்து வியட்நாம்ல சுயேச்சையா மனு போட சட்டம் விடுது. அரசியலமைப்புல உள்ள உரிமை அது. 2016ல நாடு முழுக்க 150-க்கு மேல பேர் அப்படி மனு போட்டாங்க, வக்கீல், பாடகி, பேராசிரியர், பிளாக் எழுதுறவங்கன்னு. கடைசி லிஸ்ட்ல மிஞ்சுனது 11 பேர். ஜெயிச்சது 2 பேர். ஹனோய்ல ங்குயென் குவாங் ஆன்னு ஒரு கம்ப்யூட்டர் விஞ்ஞானி, ஜனநாயகம் வேணும்னு வெளிப்படையா பேசுறவரு, அவரும் நின்னாரு. அவரோட குடியிருப்புக் கூட்டத்துல பெரும்பான்மை அவருக்கு எதிரா ஓட்டு போட்டதா முடிஞ்சுது, அவர் பேர் ஓட்டுச்சீட்டு வரைக்கும் வரவே இல்ல. அவர் ஜெயிச்சிருப்பாரா தோத்திருப்பாரான்னு யாராலயும் சொல்ல முடியாது, அத கண்டுபிடிக்கத்தானே எலெக்ஷன், அது நடக்கவே இல்லையே. எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துற இடம். ஒருத்தர் தோத்துப் போறது வேற, அவர் பேர சீட்டுல பாக்குற வாய்ப்பையே லட்சக்கணக்கான வாக்காளர்கள்கிட்ட இருந்து எடுத்துடறது வேற.

அதனால நியூஸ் படிக்கும்போது இந்த மூணு நம்பர எழுதி வச்சுக்கோங்க: எத்தன பேர் சுயேச்சையா மனு போட்டாங்க, எத்தன பேர் கடைசி லிஸ்ட்ல இருந்தாங்க, எத்தன பேர் ஜெயிச்சாங்க. 2021ல கடைசி லிஸ்ட்ல 9 பேர், ஜெயிச்சது 4. ரிசல்ட்ட மட்டும் பாத்தா 9ல 4, பரவால்லையேன்னு தோணும். ஆனா கூட்டங்கள்ல வடிகட்டுன பிறகு மிஞ்சுன 9 அது. மொத நம்பர் இல்லாம மத்த ரெண்ட மட்டும் காட்டுற கட்டுரைய நம்பாதீங்க.

கியூபாவுல இதே வேலைய கேண்டிடேட் கமிஷன்கள் பண்ணுது. சட்டப்படி கம்யூனிஸ்ட் கட்சி யாரையும் நிறுத்துறதில்ல, தொழிற்சங்கம், பெண்கள் கூட்டமைப்பு, மாணவர் அமைப்பு மாதிரி அமைப்புங்களோட ஆளுங்க சேர்ந்த கமிஷன்தான் பேர முடிவு பண்ணும். ஆனா அங்க கீழ் மட்டத்துல, முனிசிபல் எலெக்ஷன்ல, தெருக்கூட்டத்துல கைதூக்கி நாமினேட் பண்ணலாம், ஒரு வார்டுக்கு குறைஞ்சது 2 பேர் அதிகபட்சம் 8 பேர் நிக்கணும், அது நெஜப் போட்டி. 2015ல ஹவானாவுல ரெண்டு எதிர்ப்பாளர்கள் அந்த வழியா ஓட்டுச்சீட்டு வரைக்கும் வந்துட்டாங்க, ஆனா பூத்ல ஒட்டுன அதிகாரபூர்வ பயோடேட்டாவுலயே அவங்கள எதிர்ப்புரட்சிக்காரங்கன்னு எழுதி வச்சாங்க. ரெண்டு பேரும் தோத்தாங்க. சுவத்துல என்ன ஒட்டிருக்குன்னு படிக்கிறதும் ரிசல்ட்ட படிக்கிறதுதான்.

ஓட்டுச்சீட்ட கைல எடுத்து பாருங்க

நேர்ல இல்ல, போட்டோ தேடுங்க. கிடைக்கலன்னா சட்டத்துல எது செல்லும் எது செல்லாதுன்னு படிங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ஆமான்னு சொல்ல என்ன செய்யணும், இல்லன்னு சொல்ல என்ன செய்யணும்?

சோவியத்ல ஆமான்னு சொல்ல ஒண்ணுமே செய்ய வேணாம். சீட்ட வாங்கி, மடிச்சு, பெட்டில போட்டுட்டு போயிடலாம். இல்லன்னு சொல்லணும்னா அந்த ஒத்த பேர அடிக்கணும், அதுக்கு பேனா வேணும், பேனா மறைப்புக்குள்ள இருக்கும். அதாவது மறைப்புக்குள்ள நீங்க போனாலே எதுக்கு போறீங்கன்னு ஹால்ல உக்காந்திருக்குற அத்தன பேருக்கும் தெரிஞ்சிடும். ரகசிய ஓட்டுக்கு வச்ச மறைப்பே ஆள காட்டிக் கொடுத்துடும். சட்டத்துல ரகசியம் இருக்கு, மறைப்பு இருக்கு, பேனா இருக்கு, எல்லாமே இருந்தும் ரகசியம் மட்டும் இல்ல.

கிழக்கு ஜெர்மனிலயும் இதே கததான், ஜனங்க ஓட்டு போடப் போறேன்னு சொல்றதுக்கு பதிலா "மடிக்கப் போறேன்"னே சொல்லுவாங்களாம். மறைப்பு இருக்கும், ஹாலோட கடைசி மூலைல. லிஸ்ட்ல இருக்குற ஒவ்வொரு பேரையும் தனித்தனியா அடிச்சாதான் எதிர் ஓட்டுன்னு கணக்கு, குறுக்க ஒரு பெரிய கோடு போட்டாலோ ரெண்டு பேர விட்டுட்டாலோ அது ஆதரவுல சேர்ந்துடும். 1986ல அவங்க பாராளுமன்றமான மக்கள் சபைக்கு நடந்த எலெக்ஷன்ல ஆதரவு 99.94 சதவீதம்னு அறிவிச்சாங்க. இந்த நம்பர பாக்கும்போது 0.06ங்கிறத சின்னதா நெனைக்காதீங்க. எல்லார் கண்ணு முன்னாடியும் அந்த மூலைக்கு நடந்து போய், ஒவ்வொரு பேரா அடிச்சுட்டு வெளில வந்த மனுஷங்க அதுல இருக்காங்க, நாளைக்கு பையனுக்கு காலேஜ் சீட்டு கிடைக்குமான்னு தெரியாம. எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை.

வியட்நாம்ல வேண்டாதவங்க பேர அடிக்கணும், வேணுங்கிறவங்கள விட்டு வைக்கணும். தொகுதிக்கு மூணு இடம்னா மூணு பேர் வரைக்கும் விடலாம், ரெண்டு பேரையோ ஒருத்தரையோ மட்டும் விட்டாலும் செல்லும். ஆனா எல்லார் பேரையும் அடிச்சா செல்லாத ஓட்டு. அதாவது "இவர விட அவர் பரவால்ல"ன்னு சொல்ல கதவு இருக்கு, "யாருமே வேணாம்"னு சொல்ல கதவு இல்ல. கியூபாவுல சீட்டுக்கு மேல ஒரு வட்டம் இருக்கும், அதுல ஒரு டிக் போட்டா லிஸ்ட்ல எல்லாருக்கும் ஓட்டு, இல்லன்னா ஆள் ஆளா தேர்ந்தெடுக்கலாம், வெத்தா போடலாம். இந்த விவரத்த கியூபாவே வெளியிடுது, அதனால கியூபா ரிசல்ட் படிக்கிறது மத்ததோட ஒப்பிட்டா ரொம்ப சுலபம். 2018ல செல்லுபடியான ஓட்டுல 80 சதவீதம் பேர் எல்லாருக்கும்னு டிக் போட்டாங்க, 2023ல அது 72. வெத்துச் சீட்டு 6.22 சதவீதம், செல்லாதது 3.50.

ஓட்டுச்சீட்டே இல்லாத முறையும் உண்டு. கென்யாவுல கானு மட்டுமே சட்டப்படி கட்சியா இருந்த காலத்துல, 1988ல, கட்சிக்குள்ள கேண்டிடேட் தேர்வுக்கு ஜனங்கள கேண்டிடேட்டோ அவர் ஏஜென்ட்டோ நிக்கிற இடத்துக்கு பின்னாடி வரிசைல நிக்க வச்சு தலைய எண்ணுனாங்க, சுவாஹிலில ம்லொலொங்கோன்னு பேரு. 70 சதவீதம் வாங்குனவர் பொதுத் தேர்தல்ல நிக்காமலே எம்.பி. நீங்க யாரு பின்னாடி நின்னீங்கன்னு ஊருக்கே தெரியும். சின்ன வரிசைக்காரர் ஜெயிச்சதா அறிவிச்ச இடங்களும் உண்டுன்னு பெரிய கொந்தளிப்பு வந்துச்சு, பாத்த ஜனங்க எல்லாருக்கும் கண்ணு இருக்குல்ல. எண்ணுனதுக்கு ஆதாரமா ஒரு தாள் கூட இல்லாததால மறு எண்ணிக்கை கேக்கவும் வழி இல்ல. 1991 டிசம்பர்ல ஒரு கட்சி சட்டத்தையே எடுக்க வேண்டி வந்ததுக்கு இந்த வரிசைக் கோபமும் ஒரு காரணம்.

ஓட்டுப்பதிவு சதவீதம் யாரோட மார்க்கு?

99.6, 99.9 மாதிரி நம்பர் வந்தா அது மக்கள் விருப்பத்தோட அளவு இல்ல, லோக்கல் அதிகாரிங்க எவ்ளோ ஓடுனாங்கங்கிறதோட அளவு. அவங்க மேல இருக்குறவங்க அவங்கள அந்த நம்பர வச்சுதான் பாப்பாங்க. வியட்நாம்ல ஒருத்தரே வீட்டுல உள்ள எல்லார் சீட்டையும் வாங்கிட்டு போய் போடுறது ரொம்ப சகஜம், சட்டப்படி கூடாது, அவங்கவங்கதான் போடணும், ஆனா தெருவோட கணக்க சாயங்காலத்துக்குள்ள முடிச்சாகணும்ல, அதனால யாரும் தடுக்குறதில்ல. அப்பா, அம்மா, ரெண்டு புள்ளைங்கன்னு நாலு ஓட்ட அம்மா ஒருத்தங்களே போட்டாலும் நாலு பேர் வந்ததாதான் பதிவு ஆகும்.

கிழக்கு ஜெர்மனில மத்தியானத்துக்கு மேலயும் வராதவங்க வீட்டுக்கு பெட்டியவே தூக்கிட்டு வருவாங்க, பறக்கும் பெட்டின்னு பேரு. சோவியத்ல ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு பிரச்சார ஊழியர் இருப்பாரு, தன் லிஸ்ட்ல கடைசி ஆள் ஓட்டு போடுற வரைக்கும் அவருக்கு வீட்டுக்கு போக முடியாது. இத ஜனங்க நல்லா புரிஞ்சு வச்சிருந்தாங்க. "கூரை ஒழுகுது, சரி பண்ணாம ஓட்டு போட வர மாட்டேன்"னு சொல்லி வேலை வாங்குனவங்க நிறைய பேர். பூத்லயும் கடைல கிடைக்காத ஆரஞ்சு, சாசேஜ் எல்லாம் கேன்டீன்ல வச்சிருப்பாங்க, அதுக்காகவே காலைல வந்துடுவாங்க. போட இஷ்டமே இல்லாதவங்களுக்கு இன்னொரு வழி, நான் அன்னைக்கு ஊர்ல இல்லன்னு வேற இடத்துல போடுறதுக்கான சர்டிஃபிகேட் வாங்கிக்கிறது. வாங்குன உடனே இங்க லிஸ்ட்ல பேர் எடுத்துடுவாங்க, வேற எங்கயும் போய் போடலன்னா கேக்க ஆள் இல்ல. அப்படி போனவங்க வராதவங்க கணக்குலயே வர மாட்டாங்க. 1984ல 99.99 சதவீதம் வந்த கத இதான்.

வட கொரியாவுல இன்னும் ஒரு உபயோகம் சேருது. எல்லாரும் பதிவான ஊர்ல வந்து நின்னாகணும்ங்கிறதால எலெக்ஷன் நாள் ஒரு குடிமதிப்பு மாதிரி ஆயிடுது, யாரு எல்லை தாண்டி போயிட்டாங்கன்னு குடும்பத்துக் கணக்குல தெரிஞ்சிடும். 2023 நவம்பர்ல அங்க உள்ளாட்சி எலெக்ஷன்ல மாகாண கேண்டிடேட்டுங்களுக்கு 0.09 சதவீதமும் நகர, கவுன்டி கேண்டிடேட்டுங்களுக்கு 0.13 சதவீதமும் எதிர் ஓட்டு விழுந்ததா அரசு மீடியாவே சொல்லுச்சு. இத எப்படி படிக்கிறதுன்னா, எதிர் ஓட்டு விழுந்துச்சுங்கிற நியூஸா படிக்காதீங்க, எதிர் ஓட்ட வெளில சொல்லலாம்னு மேல ஒருத்தர் முடிவு பண்ணிருக்காருங்கிற நியூஸா படிங்க.

இதுக்கு நேர் மாறா கியூபா. 1993ல 99 சதவீதத்துக்கு மேல, 2013ல 90 சொச்சம், 2018ல 85 சொச்சம், 2023ல 76-க்கு பக்கத்துல. ஒரே நாட்டோட நம்பர வரிசையா வச்சு பாக்கணும்னு சொல்றது இதுக்குத்தான். பெட்டிக்கு பக்கத்துல யூனிஃபார்ம் போட்ட ஸ்கூல் புள்ளைங்க நின்னு நீங்க சீட்ட போட்ட உடனே சல்யூட் அடிச்சு "ஓட்டு போட்டாச்சு"ன்னு கத்துற நாட்டுல, நாலுல ஒருத்தர் வீட்டுலயே இருந்துட்டாருன்னா அது சோம்பேறித்தனம் இல்ல. அங்க அந்த வருஷங்கள்ல கரன்ட் கட்டு, சாப்பாட்டுத் தட்டுப்பாடு, லட்சக்கணக்குல வெளிநாட்டுக்கு கிளம்புனது எல்லாத்தையும் சேத்து வச்சு படிங்க.

தோத்தவங்க லிஸ்ட்ட தேடுங்க

ஜெயிச்சவங்கள விட இவங்கதான் சுவாரசியம். வியட்நாம்ல மத்தியில இருந்து அனுப்புற கேண்டிடேட், மாகாணத்துல இருந்து வர்ற கேண்டிடேட்னு ரெண்டு வகை. மத்தி ஆள் நிக்கிற தொகுதில கூட நிக்கிறவங்க பெரும்பாலும் பேர் தெரியாதவங்களா இருப்பாங்க, சின்ன வயசு டீச்சர், ஒரு நர்ஸ் இப்படி, மந்திரி பேருக்கு பக்கத்துல அவங்க பேர பாத்தா யார அடிப்பாங்கன்னு தெரிஞ்சதுதான். அப்படியும் 2016ல மத்தி அனுப்புன 197 பேர்ல 182 பேர்தான் ஜெயிச்சாங்க, 15 பேர் தோத்தாங்க. இந்த 15தான் அந்த எலெக்ஷன்ல ஜனங்க பேசுன இடம். எந்த மாகாணம், எந்த பதவில இருந்தவர், அவருக்கு அடுத்த மாசம் என்ன ஆச்சுன்னு தேடுங்க, கட்சியும் அதத்தான் தேடும், எந்த ஊர்ல கோபம் இருக்குன்னு தெரிஞ்சுக்க அவங்களுக்கும் வேற வழி இல்லையே.

தான்சானியா இத இன்னும் தைரியமா பண்ணுச்சு. 1965ல ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே காலத்துல ஆளும் டானு கட்சி ஒவ்வொரு தொகுதிக்கும் ரெண்டு பேர நிறுத்துச்சு, ரெண்டு பேரும் அதே கட்சி. ஒருத்தருக்கு மண்வெட்டி சின்னம், இன்னொருத்தருக்கு வீடு. சொந்தக் காசு செலவு பண்ணக் கூடாது, இனம் மதம் பேசக் கூடாது, ரெண்டு பேரும் ஒரே மேடைல, கட்சி போடுற கூட்டத்துலதான் பேசணும். அதுல நிதி மந்திரி பால் பொமானியே தோத்துட்டாரு. அரசாங்கம் மாறாது, கொள்கை மாறாது, ஆனா உங்க எம்.பி.ய மாத்தலாம். இது முழு ஜனநாயகம் இல்ல, வெறும் சடங்கும் இல்ல, நடுவுல ஒரு இடம் இருக்கு, அத பாக்கத் தெரிஞ்சுக்கணும்.

சட்டப் புத்தகத்துல தூங்கிட்டு இருக்குற வரிங்க

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. 1937 டிசம்பர் 12 சோவியத் எலெக்ஷன் ஓட்டுச்சீட்டுல என்ன அச்சடிச்சிருந்துச்சு தெரியுமா? "நீங்கள் ஆதரிக்கும் ஒரு வேட்பாளரின் பெயரை விட்டுவிட்டு மற்றவர்களை அடித்துவிடுங்கள்"ங்கிற மாதிரி. கீழ இருந்தது ஒரே பேர். மத்தவங்களே இல்ல. முதல்ல பல பேர் போட்டி போடுற மாதிரிதான் பேச்சு இருந்துச்சு, அந்த வருஷம் ஸ்டாலினோட பெரும் களையெடுப்பு நடந்துட்டு இருந்தப்போ அந்த யோசனைய கைவிட்டுட்டாங்க, ஆனா வாசகம் சீட்டுலயே தங்கிடுச்சு. பாதிக்கு மேல ஓட்டு வாங்குனாதான் ஜெயிப்புங்கிற விதியும் சட்டத்துல இருந்துச்சு. அம்பது வருஷம் அதுக்கு ஒரு வேலையும் இல்ல.

1989 மார்ச் 26 அன்னைக்கு அது முழிச்சுக்கிச்சு. சோவியத் தலைவர் கோர்பச்சேவ் கொண்டு வந்த மக்கள் பிரதிநிதிகள் காங்கிரஸுக்கு 2,250 இடம், அதுல 1,500 மக்கள் ஓட்டு, 750 கட்சி, தொழிற்சங்கம் மாதிரி அமைப்புங்களுக்கு. பல தொகுதில இன்னும் ஒத்த ஆள்தான் நின்னாரு. லெனின்கிராட்ல கட்சியோட பிராந்தியத் தலைவர் யூரி சொலொவ்யோவ், கட்சியோட உச்சக் குழுவான பொலிட்பீரோ அளவுல இருந்தவர், எதிர்க்க ஆளே இல்லாம நின்னாரு, தோத்தாரு. எப்படி? ஜனங்க பேனாவ எடுத்து பேர அடிச்சாங்க. பாதி வரல. யாருக்கும் எதிரா தோக்கல, அந்த பழைய விதிகிட்ட தோத்தாரு. இப்ப எல்லாரும் மறைப்புக்குள்ள போனாங்க, எல்லாரும் போனா யாரையும் அடையாளம் காட்ட முடியாது.

அதே வருஷம் மே 7, கிழக்கு ஜெர்மனில உள்ளாட்சி எலெக்ஷன். பாராளுமன்றம் இல்லதான், ஆனாலும் இங்க சொல்லியே ஆகணும். ஓட்டு எண்ணிக்கைய பொதுமக்கள் பாக்கலாம்னு சட்டத்துல இருந்துச்சு, யாரும் போனதில்ல. அன்னைக்கு சர்ச் சார்ந்த குழுக்கள்ல இருந்த இளைஞர்கள் பல ஊர்ல பூத் பூத்தா போய் நின்னு, எதிர் ஓட்டு எத்தனன்னு நோட்டுல எழுதி கூட்டுனாங்க. ராத்திரி எலெக்ஷன் கமிஷன் தலைவர் ஈகோன் க்ரென்ஸ் 98.85 சதவீத ஆதரவுன்னு டிவில அறிவிச்சப்போ, பெர்லினோட வைசென்சே பகுதியில இவங்க எண்ணுன எதிர் ஓட்டே அரசு சொன்னத விட அதிகமா இருந்துச்சு. அதுக்கப்புறம் மாசா மாசம் 7-ம் தேதி போராட்டம். நவம்பர்ல பெர்லின் சுவர் விழுந்துச்சு. அடுத்த வருஷம் மார்ச் 18 நடந்த சுதந்திரமான எலெக்ஷன்ல 93.4 சதவீதம் பேர் வந்தாங்க, யாரும் பெட்டிய தூக்கிட்டு வீட்டுக்கு வராமலே.

அதனால எந்த நாட்டு எலெக்ஷன படிச்சாலும் சட்டத்துல இந்த வரிங்க இருக்கான்னு பாத்து குறிச்சு வைங்க: பாதிக்கு மேல வாங்கணும்னு இருக்கா, எண்ணிக்கைய யாரு பாக்கலாம், சுயேச்சை நிக்கலாமா, பூத் வாரியா கணக்கு ஒட்டணுமா. இன்னைக்கு யாரும் பயன்படுத்தலன்னாலும் குறிச்சு வைங்க.

ஜெயிச்சவங்க போய் என்ன பண்றாங்கன்னும் ஒரு பார்வை பாருங்க, ரொம்ப நேரம் வேணாம். சோவியத் பாராளுமன்றமான உச்ச சபை வருஷத்துக்கு சில நாள்தான் கூடும், கை எல்லாம் ஒண்ணா தூக்கும். வியட்நாம் சபை 2010 ஜூன்ல அரசு கொண்டு வந்த வடக்கு தெற்கு அதிவேக ரயில் திட்டத்த ஓட்டெடுப்புல நிராகரிச்சிடுச்சு, 2013ல மந்திரிங்க மேல நம்பிக்கை ஓட்டெடுப்பு நடத்தி மார்க்க வெளியிட்டுச்சு. அங்க கேமரா முன்னாடி மந்திரிகிட்ட கேள்வி கேக்குறாங்க. ரெண்டையும் ஒரே தராசுல வைக்கக் கூடாது.

கடைசியா, ரிசல்ட் வந்த அன்னைக்கு படிக்கிறத நிறுத்திடாதீங்க, ஒரு வருஷம் ஃபாலோ பண்ணுங்க. சுயேச்சையா மனு போட்டவங்க பேர ஆரம்பத்துல எழுதி வச்சீங்கல்ல, அத எடுங்க. ஹனோய்ல லே ட்ரோங் ஹுங்னு ஒருத்தர், ஃபேஸ்புக்ல வீடியோ போட்டு அரசியலமைப்பு சட்டத்த ஜனங்களுக்கு விளக்கிட்டு, அதோட பிரதிய கொடுத்துட்டு இருந்தவரு, 2021 எலெக்ஷனுக்கு சுயேச்சையா நிக்கிறேன்னு சொன்னாரு. மார்ச் 27 அன்னைக்கு, ஓட்டுப்பதிவுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, அரசுக்கு எதிரா பிரச்சாரம்னு கைது பண்ணாங்க. மே 23 ஓட்டுப்பதிவு நடந்துச்சு, 99.6 சதவீதம்னு உலகம் முழுக்க நியூஸ் போச்சு, சபை கூடுச்சு, எல்லாரும் மறந்தாச்சு. அவருக்கு அஞ்சு வருஷ ஜெயில்னு தீர்ப்பு வந்தது டிசம்பர் 31.